விரலுக்குப் பதில் சொல்லும் படங்கள்: நிரலில் பிறக்கும் விளையாட்டுக் கலை ஏன் நம்மை இப்படி இழுக்கிறது?

நிரல்நேயன் (பாயான் லெப்பாஸ்) எழுதியது:

திரையில் தானாக ஓடும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் கண் வேறு பக்கம் போய்விடுகிறது. அதே படம் என் விரலுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போவதே தெரிவதில்லை. கணினி நிரல் எழுதிச் செய்யும் விளையாட்டுக் கலையைத்தான் சொல்கிறேன். நம் ஆட்களில் யாரெல்லாம் இதில் கை வைத்திருக்கிறீர்கள், எது உங்களைப் பிடித்து உட்கார வைத்தது என்று பேசலாம் என்றுதான் இந்த இழை.

என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு பறவைக் கூட்டம். 1986இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் எழுதிய ‘பாய்ட்ஸ்’ என்ற நிரல். ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதி. பக்கத்தில் இருப்பவை மேல் இடிக்காதே. அவை போகும் திசைக்குத் திரும்பு. கூட்டத்தின் நடுப்பக்கம் ஒதுங்கு. தலைவன் என்று எந்தப் பறவையும் கிடையாது, கூட்டத்தின் வடிவத்தையும் யாரும் வரைந்து வைக்கவில்லை. ஓட விட்டால் நிஜப் பறவைக் கூட்டமாகவே வளைந்து சுழல்கிறது.

நான் அதில் நான்காவதாக ஒரு விதி சேர்த்தேன்: சுட்டி (மவுஸ்) கிட்டே வந்தால் விலகு. சுட்டியைக் கூட்டத்துக்குள் மெதுவாக நுழைத்தால் பறவைகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டு, பின்னால் போய் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. சடாரென்று இழுத்தால் சிதறி, ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டம் தனியாகச் சுற்றித் திரிந்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் பெரிய கூட்டத்தைக் கண்டுபிடிக்கிறது. ‘தனியாகப் போ’ என்றோ ‘திரும்பி வா’ என்றோ நான் எந்த வரியிலும் எழுதவில்லை. நான் எழுதாத ஒன்று என் நிரலுக்குள்ளிருந்து எழுந்து வருகிறதே, அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: ‘புரோசெஸ்ஸிங்’ என்ற கருவியை 2001இல் கேசி ரியாஸ், பென் ஃபிரை இருவரும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் நிரல் எழுத வேண்டும் என்பதற்காகவே செய்தது. அதன் இணைய வடிவமான ‘பி5.ஜேஎஸ்’, லாரன் லீ மெக்கார்த்தி 2013இல் தொடங்கியது. இரண்டும் இலவசம். இணைய உலாவியைத் (பிரவுசர்) திறந்து, ஒரு வட்டம் வரையச் சொல்லி, அதன் இடத்தைச் சுட்டியின் இடத்தோடு கட்டிவிட்டால் முதல் பதில் கிடைத்துவிடும்.

வண்ணக்குழம்பு (செந்தூல், கோலாலம்பூர்) எழுதியது:

தம்பி, மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் நீர்வண்ணத்தில் வரைபவன். வாழ்நாள் முழுக்க அதுதான்.

இப்போது கோலாலம்பூரில் ஒளிவீச்சுக் காட்சி என்று அழைத்துப் போகிறார்கள். நாலு சுவரிலும் வெளிச்சம், கையை ஆட்டினால் பூ விரிகிறது, காலை வைத்தால் அலை எழும்புகிறது. எல்லாரும் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கிறார்கள், வெளியே வருகிறார்கள். என் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் வந்தார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு தாத்தா’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

நல்ல ஓவியம் என்னை அசையாமல் நிறுத்துகிறது. இது என்னைக் கையாட்ட வைக்கிறது. விளையாட்டுச் சாமானுக்கு விளையாட்டுச் சாமான் என்றே பெயர் இருக்கட்டுமே, கலை என்ற பட்டம் எதற்கு?

நிரல்நேயன் எழுதியது:

ஐயா, கோபம் என்ன கோபம், நீங்கள் இப்படிக் கேட்டதால்தான் பேச்சு சூடு பிடிக்கிறது. அந்த மாதிரி மண்டபங்களுக்கு நானும் போயிருக்கிறேன். அவற்றில் பலவும் உணரி (சென்சார்) பொருத்திய சுவரொட்டிகள்தான், அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

நல்லதையும் வெறும் ஆர்ப்பாட்டத்தையும் பிரிக்க எனக்கு ஒரு சோதனை உண்டு. பார்க்க வந்தவர் கண்டுபிடிப்பதற்கு உள்ளே ஒரு விதி இருக்கிறதா? மெதுவாக ஆட்டினாலும் பூ, வேகமாக ஆட்டினாலும் பூ, சும்மா நின்றாலும் பூ என்றால் இரண்டாவது தடவையே சங்கதி முடிந்தது. நான் இப்படிச் செய்தால் அது என்ன செய்யும், அப்படிச் செய்தால் என்ன செய்யும் என்று கை தானாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் அங்கே ஏதோ இருக்கிறது. ஓவியத்தின் முன்னால் உங்கள் கண் செய்யும் வேலையை இங்கே உடம்பு செய்கிறது. இந்தக் கலையை வாசிக்கும் முறையே விளையாடுவதுதான் என்பது என் கட்சி.

இரண்டு உதாரணம் சொல்கிறேன், இரண்டும் 1999ஆம் ஆண்டுப் படைப்புகள்.

ஒன்று ‘டெக்ஸ்ட் ரெயின்’, கமில் அட்டர்பேக், ரோமி அகிடுவ் இருவரும் செய்தது. சுவரில் உங்கள் உருவம் கறுப்பு வெள்ளையில் தெரியும். மேலிருந்து ஒரு கவிதையின் எழுத்துகள் மழையாக இறங்கும். உங்கள் தோளில் விழுந்து நிற்கும். கையை நீட்டினால் கை நெடுகிலும் வந்து உட்காரும், கையை எடுத்தால் மறுபடி விழும். உள்ளே இருக்கும் விதி சின்னது: எழுத்தே, நீ இறங்கிக்கொண்டே இரு, காலடியில் இருட்டு வந்தால் நில், இருட்டுக்குள் மூழ்கிவிட்டால் மேலே ஏறு. இவ்வளவுதான். ஆனால் மக்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கையை அசையாமல் நீட்டிக்கொண்டு, எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லாகும் வரை பொறுமையாக நின்று படிக்கிறார்கள். குடையை விரித்து எழுத்துகளை ஏந்துகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரே வரியைப் பிடிக்கிறார்கள். ஐயா சொன்ன அந்த அசையாமல் நிற்பது இதிலும் வருகிறது, தானே விரும்பி வருகிறது.

இன்னொன்று டேனியல் ரோசின் செய்த மரக்கண்ணாடி. 830 சின்ன மரத்துண்டுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மோட்டார், நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு கேமரா. துண்டு மேல்நோக்கிச் சாய்ந்தால் வெளிச்சம் பட்டு வெளிறும், கீழ்நோக்கிச் சாய்ந்தால் நிழல் விழுந்து கறுக்கும். நீங்கள் முன்னால் வந்தால் மரப்பலகை சடசடவென்று புரண்டு உங்கள் உருவத்தைக் காட்டுகிறது. துளிப் பளபளப்பு கிடையாது. திரையே இல்லை. நிரல் என்பது கண்ணைக் கூசும் வெளிச்சம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆசிரியை (பிறை) எழுதியது:

எழுத்து மழை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4, 5 பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். செய்யுளை மனப்பாடம் செய்யச் சொன்னால் முகம் சுருங்கும் பிள்ளைகள், அதே செய்யுளின் எழுத்துகள் தலையில் வந்து விழுந்தால் பிடித்துப் படிப்பார்களா? பொங்கல் விழாவுக்கு மண்டபத்தில் இப்படி ஒன்று வைக்க ஆசை. பள்ளியில் ஒரு படவீழ்த்தியும் (புரொஜெக்டர்) பழைய மடிக்கணினியும் இருக்கின்றன. போதுமா? தமிழ் எழுத்தில் யாராவது செய்திருக்கிறீர்களா?

சுங்கை டுவா மாணவன் எழுதியது:

ஆசிரியை, நான் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் முட்டி நிற்கிறேன். இழையைப் பார்த்ததும் இங்கேயே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

மழையாக விழ வைக்க, வரியைத் தனித்தனி எழுத்தாகப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்தால் ‘கோ’ என்பது க தனியாகவும் துணைக்குறி தனியாகவும் விழுகிறது. துணைக்குறிக்கு நடுவில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம் வேறு தெரிகிறது. மெய்யெழுத்தின் புள்ளி தனியே கழன்று விழுகிறது. ஆங்கிலத்தில் செய்த மாதிரி நிரல் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. தமிழுக்கு என்ன வழி?

பிரிக்பீல்ட்ஸ் வாசி எழுதியது:

தம்பி, இது தமிழில் வேலை செய்யும் எல்லாரும் தாண்டி வந்த முள்வேலி. கணினிக்குள் ‘தமிழ்’ என்பது 5 குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் கண்ணுக்கு 3 எழுத்து. சாதாரணமாகப் பிரித்தால் அந்த 5ஐத்தான் கொடுக்கும். துணைக்குறி தாங்கிக்கொள்ள எழுத்து இல்லாமல் தனியாக நின்றால் அந்தப் புள்ளி வட்டம் வரும்.

உலாவிக்குள்ளேயே இதற்கு மருந்து இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் ‘இன்டல்’ (Intl) தொகுதியில் ‘செக்மென்டர்’ (Segmenter) என்று ஒன்று. மொழியைத் தமிழ் என்றும் பிரிக்கும் அளவை ‘கிராஃபீம்’, அதாவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து, என்றும் கொடுத்தால் த, மி, ழ் என்று சரியாக மூன்றாகத் தரும். குரோமில் சில ஆண்டுகளாகவே இருக்கிறது, பயர்பாக்ஸ் 2024இல் சேர்த்துக்கொண்டது. அதனால் பள்ளியின் பழைய மடிக்கணினியில் உலாவியை முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாக வரும். அது சேர்ந்தே விழ வேண்டும் என்றால் தனியாக ஒரு நிபந்தனை எழுதிவிடுங்கள். எழுத்துருவைத் தடிமனாக எடுங்கள், மெல்லிய கோடு படவீழ்த்தியில் கரைந்துவிடும்.

புள்ளிக்கோலம் (பட்டர்வொர்த்) எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செந்தூல் ஐயா ‘விளையாட்டுச் சாமான்’ என்று சொன்ன இடத்தில் கை நிற்கவில்லை.

எனக்கு வேலை கணக்கு எழுதுவது. அம்மாவிடம் கற்றது சிக்குக் கோலம். கம்பி எங்கும் அறுபடாமல், எல்லாப் புள்ளியையும் சுற்றிவந்து, தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும். அம்மா கோலத்தைப் பாதியில் நிறுத்தி ‘இப்படிப் போனா ரெண்டு கம்பியாயிடும்’ என்று சொல்வார். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் கை சொல்கிறது என்பார். அந்தக் கைக்குத் தெரிந்ததை நிரலில் எழுத முடியுமா என்று பார்க்கத்தான் பி5 கற்றுக்கொண்டேன்.

புள்ளிகளைச் சதுரமாக வைக்கிறோம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவில் ஒரு இடைவெளி. அங்கே கம்பிகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகலாம், அல்லது வெட்டாமல் அவரவர் பக்கம் வளைந்து திரும்பிவிடலாம். என் நிரலில் அந்த இடைவெளியைத் தொட்டால் ‘வெட்டு’ ‘திரும்பு’வாக மாறும், மறுபடி தொட்டால் பழையபடி வரும். ஒவ்வொரு தனிக் கம்பிக்கும் ஒரு நிறம். இவ்வளவுதான் படைப்பு.

எல்லா இடத்திலும் வெட்ட விட்டுவிட்டு 3க்கு 3 புள்ளி வையுங்கள், 3 நிறம் வரும். 5க்கு 5 என்றால் 5 நிறம். 5க்கு 6 வைத்துப் பாருங்கள், முழுக் கோலமும் ஒரே நிறமாகிவிடும், ஒரே கம்பி! 4க்கு 6 என்றால் 2. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. இதை நான் திரையில் எங்கும் எழுதி வைக்கவில்லை. கோயில் திருவிழாவில் ஒரு பலகைக் கணினியில் வைத்தபோது, வரிசையில் நின்ற பிள்ளைகள் எண்களை மாற்றி மாற்றி அவர்களாகவே இதை மோப்பம் பிடித்தார்கள். ‘அக்கா, பக்கத்து நம்பர் போட்டா எப்பவும் ஒண்ணுதான்’ என்றான் ஒருவன். அவன் சொன்னது சரி, அடுத்தடுத்த எண்கள் இரண்டையும் ஒன்றைத் தவிர எதுவும் சேர்ந்து வகுக்காது.

அடுத்த கட்டம் இன்னும் ருசி. 5க்கு 5 வைத்து, 5 நிறத்தையும் ஒரே நிறமாக்க முடியுமா? இரண்டு வேறு வேறு நிறக் கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தொட்டால் அவை கண்டிப்பாக ஒன்றாகிவிடும். ஒரே நிறம் தன்னையே வெட்டும் இடத்தைத் தொட்டால் சில நேரம் இரண்டாகப் பிரியும், சில நேரம் ஒன்றும் ஆகாது. அது எப்போது பிரியும் என்பதைத் தேடித்தான் பெரியவர்களும் திரையை விட்டு நகராமல் நின்றார்கள். முடித்ததும் திரையில் இருந்த கோலம் யார் வரைந்தது? நான் வரையவில்லை. ஒவ்வொருவருடையதும் வேறாக இருந்தது, எல்லாமே கோலமாக இருந்தன.

ஐயா, சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து கோலத்தை இலக்கண விதிகளாக்கி 1974இல் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். விதியைக் கையில் கொடுத்து, விளையாடி, அழகைப் பெறுவது நம் வாசலில் காலங்காலமாக நடப்பது. அரிசி மாவுக்குப் பதில் வெளிச்சம் வந்ததால் அது தரம் இறங்கிவிடுமா?

வண்ணக்குழம்பு எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கோலத்தை எனக்கு விளையாட வேண்டும், இணைய இணைப்பை அனுப்பி வையுங்கள். தம்பியின் சோதனையையும் ஏற்றுக்கொள்கிறேன், அது ஓவியத்துக்கே பொருந்தும்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. என் இருபது வயதில் வரைந்த படம் இன்னும் சுவரில் இருக்கிறது. உங்கள் படைப்பு மின்சாரம் போனால் போய்விடும், சரி, மின்சாரம் திரும்பி வரும். உலாவி மாறினால்? ஒரு காலத்தில் இணையத்தில் இருந்த அந்தச் சின்னச் சின்ன விளையாட்டுப் படங்கள் எல்லாம் இப்போது திறப்பதே இல்லை என்று மகன் சொல்கிறான். நிலைக்காத பொருளில் இவ்வளவு உயிரைக் கொட்டுகிறீர்களே என்று வருத்தமாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசி எழுதியது:

ஐயா சொல்வது உண்மை, இந்தத் துறையின் பெரிய காயம் அது. அந்த விளையாட்டுப் படங்களை ஓட வைத்த ‘ஃபிளாஷ்’ மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தியது. அந்தத் தலைமுறையின் ஊடாட்டப் படைப்புகள் ஏராளமாக ஒரே வீச்சில் இருண்டுபோயின. ‘ரஃபிள்’ என்ற திறமூலக் கருவியை வைத்து இணைய ஆவணக் காப்பகம் கொஞ்சத்தை மறுபடி ஓட வைத்திருக்கிறது. எல்லாம் திரும்பவில்லை.

ஆனால் இந்தக் கலையில் எது படைப்பு என்று கேட்டால் எனக்கு விதிதான். அமெரிக்க ஓவியர் சோல் லெவிட் 1968இலிருந்து செய்த சுவரோவியங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தார், வரைந்தது மற்றவர்கள். அவர் 2007இல் இறந்த பிறகும் அவை புதிய சுவர்களில் வரையப்படுகின்றன. கணினிக் கலையின் முன்னோடி வேரா மோல்நார் 1968இல் பாரிஸில் கணினியைத் தொட்டபோது அவர் கையில் இருந்தது இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும் எந்திரம். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்களை அடுக்கி, அவற்றை லேசாகக் கலைத்துப் பார்க்கும் வரிசையை 1974இல் செய்தார். அந்த எந்திரம் போயே போய்விட்டது. விதியை ஒரு பள்ளி மாணவி இன்று பி5இல் சில வரிகளில் எழுதிவிடுவாள். மோல்நார் 2023 டிசம்பரில் காலமானார், தொண்ணூற்று ஒன்பது வயது வரை சதுரங்களோடு விளையாடினார்.

நம் நாட்டிலும் இது நேற்று முளைத்ததில்லை. 1997இலேயே கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தில் முதலாவது மின்னணுக் கலைக் கண்காட்சி நடந்தது. ஹஸ்னுல் ஜமால் சைடோனும் நிரஞ்சன் ராஜாவும் அதைத் தொகுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால் என் வேண்டுகோள்: என்ன செய்தாலும், நிரலோடு சேர்த்து விதியைச் சாதாரணத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கோலத்துக்கு அக்கா மேலே எழுதியிருக்கிறாரே, அந்த மாதிரி. மொழி மாறினாலும் உலாவி மாறினாலும் யாராவது மறுபடி எழுப்பிவிடலாம்.

கடற்கரைச் சாலை (தஞ்சோங் தோக்கோங்) எழுதியது:

நான் நிரல் எழுதுபவள் இல்லை. இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வலது கை சரியாக எழவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த பந்தைப் பிசைய அவருக்குப் பிடிக்காது, இரண்டு நிமிடத்தில் தூக்கி வைத்துவிடுவார். அக்காள் மகன் மடிக்கணினியில் ஏதோ ஒன்றை வைத்துக் கொடுத்தான். கேமராவின் முன்னால் கையை உயர்த்தினால் கோடு நீளும், கை நடுங்கினால் அந்த நடுக்கமே கோட்டின் ஓரத்தில் இலை இலையாக வரும். அப்பா அதன் முன்னால் அரை மணி நேரம் உட்காருகிறார். நடுக்கம் அதிகமான நாளில் இலை அதிகம். ‘இன்னிக்கு மரம் நல்லா தழைச்சிருக்கு பாரு’ என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

அது கலையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நடுக்கத்தைப் பார்த்து யாரும் முகம் வாடாத ஒரே இடம் எங்கள் வீட்டில் அந்தத் திரைதான்.

நிரல்நேயன் எழுதியது:

அக்கா, உங்கள் அக்காள் மகனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குறையாகப் பார்த்ததை அழகின் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டானே, பெரிய கைகள் செய்யும் வேலை அது.

2009இல் ‘ஐரைட்டர்’ என்ற கருவியைச் சில கலைஞர்கள் சேர்ந்து செய்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் சுவர் ஓவியங்களுக்குப் பெயர்போன டோனி குவான், நரம்பு நோயால் உடம்பு முழுதும் செயலிழந்து கண்ணை மட்டுமே அசைக்கக்கூடிய நிலையில் இருந்தார். மலிவான வீடியோ விளையாட்டுக் கேமராவும் ‘ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ்’ என்ற இலவசக் கருவியும் வைத்து, கண் போன வழியே கோடு விழும்படி செய்தார்கள். அவர் மறுபடி வரைந்தார். அந்தக் கருவியின் முழு விவரத்தையும் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார்கள்.

பத்துமலைப் படி எழுதியது:

கேள்வி ஒன்று. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி சொன்னால் படம் வந்துவிடுகிறது. இன்னும் எதற்கு உட்கார்ந்து விதி எழுத வேண்டும்?

புள்ளிக்கோலம் எழுதியது:

படம் வேண்டும் என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் தம்பி. எனக்கு வேண்டியது அந்த இடைவெளியைத் தொட்டால் ஏன் நிறம் சேர்கிறது என்பது. அது எழுதும்போதுதான் கிடைக்கிறது, விளையாடுபவருக்குத் தொடும்போது கிடைக்கிறது. நிரல் எழுத அதனிடம் உதவி கேட்பதில் தப்பில்லை, நானும் கேட்டிருக்கிறேன். விதி என்னுடையதாக இருக்கட்டும்.

சுங்கை டுவா மாணவன் எழுதியது:

பிரிக்பீல்ட்ஸ் அண்ணே, செக்மென்டர் வேலை செய்கிறது! ழ் இப்போது புள்ளியோடு விழுகிறது. ரொம்ப நன்றி.

அடுத்தது: எழுத்துகள் எல்லாம் கல் மாதிரி நேராக விழுகின்றன. கொஞ்சம் அசைந்து இறங்கட்டும் என்று ஒவ்வொரு நொடியும் இடம் வலமாகத் தற்செயல் எண் சேர்த்தால் குளிர் ஜுரம் வந்தது போல் வெடவெடக்கின்றன.

நிரல்நேயன் எழுதியது:

தற்செயல் எண்ணுக்கு முந்தின எண்ணின் நினைவு கிடையாது, அதனால்தான் அந்த வெடவெடப்பு. உங்களுக்கு வேண்டியது பெர்லின் நாய்ஸ். திரைப்படக் கணினிக் காட்சிகளில் வேலை செய்த கென் பெர்லின், எந்திரத்தனமாகத் தெரியும் பரப்புகள் பிடிக்காமல் 1980களில் உருவாக்கியது. 1997இல் அதற்காக ஆஸ்கார் அகாதமியின் தொழில்நுட்ப விருது பெற்றார். இது தரும் எண்கள் முந்தினதை ஒட்டியே நகரும், திடீர்த் தாவல் இருக்காது.

பி5இல் ‘நாய்ஸ்’ என்று ஒரு சொல்லில் கிடைக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் வேறு தொடக்க எண் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து சாயும். நேரத்தை மிகச் சின்ன அடியாகக் கூட்டுங்கள், 0.01 அளவில் தொடங்கிப் பாருங்கள்.

அப்புறம் ஆசிரியைக்கு ஒரு எச்சரிக்கை. நம் பள்ளிச் சீருடையில் மேல்சட்டை வெள்ளை. மண்டபச் சுவரும் வெள்ளை. இருட்டில்தான் எழுத்து நிற்கும் என்ற விதிப்படி, எழுத்துகள் தலைமுடியில் நிற்கும், சட்டையைத் துளைத்துக்கொண்டு இறங்கி நீலக் கால்சட்டையில் போய் உட்காரும். இதைத் தவிர்க்க வேண்டும் என்றால் ஆள் இல்லாத சுவரை முதலில் ஒரு படம் எடுத்து வைத்து, அதிலிருந்து மாறிய இடமெல்லாம் ஆள் என்று கணக்கெடுக்கச் சொல்லலாம். தம்பி அதை எழுதிவிடுவார்.

ஆசிரியை (பிறை) எழுதியது:

வேண்டாம், வேண்டாம். அந்த வெள்ளைச் சட்டை அப்படியே இருக்கட்டும்!

நீங்கள் எல்லாரும் மேலே எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். எழுத்து ஏன் என் தோளில் நிற்காமல் என் தலையில் மட்டும் நிற்கிறது என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டும். கையில் புத்தகப்பையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நீலப் பாவாடையை விரித்துப் பிடித்து எழுத்தை ஏந்த வேண்டும். நான் வாயே திறக்கப் போவதில்லை. ஓரமாக ஒரு மேசையில் கறுப்புக் குடை, வெள்ளைக் குடை, கருநீலத் துண்டு, மஞ்சள் துணி எல்லாம் கலந்து வைத்துவிடுகிறேன். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவர்களே சொல்லட்டும்.

செய்யுளுக்கு ஆத்திசூடி எடுக்கலாம் என்று நினைக்கிறேன், வரி சின்னது, பிடித்துச் சேர்க்க வசதி.

தம்பி, பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு மேல் மண்டபம் காலி. மேற்குப் பக்கச் சன்னலில் வெயில் நேராக அடிக்கும், அங்கே திரை போடச் சொல்கிறேன். ஒருநாள் வந்து கேமராவை எங்கே வைப்பது என்று பார்த்துச் சொல்கிறீர்களா?

சுங்கை டுவா மாணவன் எழுதியது:

கண்டிப்பாக வருகிறேன் ஆசிரியை. இருட்டின் அளவை மாற்ற ஒரு விசை வைத்துக்கொண்டு வருகிறேன், மண்டப வெளிச்சத்தைப் பார்த்து அங்கேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அந்த மஞ்சள் துணி அப்போது சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது.

வண்ணக்குழம்பு எழுதியது:

அந்த மஞ்சள் எந்த மஞ்சள் என்பதைப் பொறுத்தது தம்பி. எலுமிச்சை மஞ்சள் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும், காவி கலந்த மஞ்சள் நன்றாகவே இருட்டும். ஆசிரியை அம்மா, ஒரே மஞ்சளில் ஐந்தாறு படிநிலையாகத் துணி சாயம் போட்டு அனுப்புகிறேன். பள்ளி முகவரியைத் தனிச்செய்தியில் கொடுங்கள்.